ஜப்பான் கவிஞருக்கு ஒரு பொட்டு

— கையை எடு சக்கரபாணி. கண்ணாடியும் வேணாம், சட்டமும் வேணாம். இது நான் குடுத்த படமே இல்ல.

— என்னக்கா இப்படிச் சொல்றீங்க? அதே தாடி, அதே தொப்பி, அதே நிலா.

— நெத்தியில பொட்டு எங்க?

— அதை எடுக்கச் சொல்லித்தானே நேத்து ஓடி வந்தீங்க!

— பேப்பர்ல ஊறின குங்குமம் தடமே இல்லாம எப்படிப்பா போவும்? த பாரு, நான் குடுத்தது வழவழன்னு இருந்துச்சு. இது சொரசொரன்னு, நார் நாரா இருக்குது. மை வேற பின்பக்கம் வரைக்கும் இறங்கியிருக்கு. மட்டமான டூப்பு! அசலை எவன்கிட்டத் தள்ளிவிட்ட?

— எழிலக்கா, வார்த்தையை விடாதீங்க. சாமி படத்துக்குச் சட்டம் போட்டுப் பொழைக்கறவன் நான்.

— அப்ப ஏன் என் மூஞ்சியைப் பார்க்க மாட்டேங்கற? நேத்து இதை வாங்கறப்பவே ஒரு மாதிரி சிரிச்ச. ராவெல்லாம் அதுதான் உறுத்துச்சு.

— மாடியில குடியிருக்கற ஜப்பான்காரரு ஊர்ல இல்லாதப்ப நீங்க ஏன் அவரு ரூமுக்குள்ள போனீங்க?

— என் வீட்டு மாடி, பெருக்கப் போனேன். போன வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கெல்லாம் பொட்டு வெச்ச கையோட, நம்மூரு சித்தர் மாதிரி இருக்காரேன்னு இவருக்கும் ஒண்ணு வெச்சிட்டேன். பழைய காலத்துக் கவிஞராம், கென்ஜி சாரோட அப்பா சாகறப்ப குடுத்த படமாம். நேத்து எம்பொண்ணு பூஜா சொன்னப்புறம்தான் படத்தைத் தூக்கிக்கிட்டு உன்கிட்ட ஓடியாந்தேன்.

— சாயந்திரம் வந்துடுவாரா?

— பாண்டிச்சேரியில பஸ் ஏறிட்டாராம். வாய் நிறைய அம்மாங்கற புள்ள. அது மூஞ்சில எப்படி முழிப்பேன்? மரியாதையா அசலை எடு. இல்ல, நேரா ஸ்டேஷனுக்குத்தான் போவேன்.

— நில்லுங்கக்கா! உங்க கையில இருக்கறதுதான் அசல்.

— என்னாது?

— மரக்கட்டையில செதுக்கி, ஒவ்வொரு கலரா கையால அழுத்திப் பதிச்சது. அதான் மை பின்னாடி இறங்கியிருக்கு. நீங்க பொட்டு வெச்சது கலர் ஜெராக்ஸ். அதைச் செவுத்துல ஒட்டிட்டு, அசலை அவரு என்கிட்டதான் குடுத்து வெச்சிருந்தாரு.

— ஏன், நான் இன்னா திருடியா?

— ஐயோ, அப்படி இல்லக்கா. ஆயுதபூஜைக்கு அவரோட சைக்கிளுக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வெச்சீங்களாமே. மறுநாளே படத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு.

— அப்ப இதை ஏன் இன்னிக்கு என் கையில குடுத்த?

— நேத்து நீங்க அழுதுட்டுப் போனது மனசு கேக்கல, அவருக்கே போன் போட்டேன். ‘அம்மா அழ வேணாம், அவங்களுக்குத் தெரியாம அசலையே குடுத்துடு. கண்ணாடி மட்டும் மறக்காம போட்டுடு, நாளைக்கு வெள்ளிக்கிழமை’ன்னாரு.