மூச்சு எடுத்த இடம்

– முடியாதுன்னா முடியாது, டொனாத்தோ. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா என் மனசு மாறிடுமா?

– அக்கா, நான் இன்னும் வாயே திறக்கலையே!

– திறக்கவே வேணாம். ஊர்க் காவல் தூதர் மிக்கேல் சம்மனசு திருநாள் அன்னிக்கு, ஊரே சவரத்துக்கு வரிசை கட்டி நிக்கிற நேரத்துல, நீ கத்தியைக் கீழ வச்சுட்டு என் வீட்டுப் படி ஏறி வந்திருக்க. பேண்டு தலைவரா வந்திருக்க. உன் புருஷன் சவேரியோ பேண்டுல ஊதுற குரலை விட்டுக்கொடு ரக்கேலேன்னு கேட்கப்போற. வேற என்ன?

– சரி, அதுக்குத்தான். ஆனா என் கத்திமேல சத்தியமா, வருஷா வருஷம் கேட்கிற மாதிரி சும்மா கேட்க வரல. பேண்டுக்கு இது நூறாவது வருஷம் அக்கா.

– நூறாவதோ ஆயிரமாவதோ, சட்டம் சட்டம்தானே? ஊதுறவன் கப்பல் ஏறிப் போனா, அவனே திரும்பி வரணும், இல்லைன்னா அவன் வீட்டு ஆளு 'வேற யாருக்காவது குடுங்க'ன்னு வாய் திறந்து சொல்லணும். அதுவரைக்கும் அவன் பாகத்தை எவனும் தொடக்கூடாது. நானா போட்டேன்? உங்க அப்பன் போட்டான்.

– எங்கப்பா என்ன ஆசைப்பட்டா போட்டாரு? அமெரிக்காவுல இருந்து திரும்பி வந்த ஒருத்தன், தன் நாற்காலியில வேற ஆள் உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டு மேடையிலயே சண்டைக்குப் போயிட்டான். டிராம்போனை வீசினதுல, முன் வரிசையில இருந்த பிஷப்போட தொப்பி பறந்து போச்சு. அன்னிக்கு ராத்திரியே சட்டம் போட்டுட்டாரு. அப்ப அவருக்கு என்ன தெரியும், பாதி பேண்டு கப்பல் ஏறிப் போயிடும்னு? ஒரு வருஷம் பெரிய மேளமும் ரெண்டு கிளாரினெட்டும் மட்டும் சுத்தி வந்துச்சு. கேட்டவன் எல்லாம் மேளக்காரனுக்குக் கிறுக்குன்னான்.

– சிரிப்பு காட்டாதே.

– அப்புறம் ஒவ்வொரு வீடா விட்டுக்கொடுத்தாங்க அக்கா. கடைசியா அந்த மேளக்காரனும் கப்பல் ஏறினான், அவன் பொண்டாட்டி கூட விட்டுக்கொடுத்தா. மிச்சம் நீ ஒருத்திதான். சவேரியோ கடுதாசி போடுறதை நிறுத்தியே முப்பது வருஷம் இருக்குமே.

– விட்டுக்கொடுத்தவ ஒவ்வொருத்தியும் மறுவாரமே கறுப்பு உடுத்தினா. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். விட்டுக்கொடுத்தேன்னு சொன்னா, அவன் செத்துட்டான்னு என் வாயாலயே சொன்ன மாதிரி. சொல்ல மாட்டேன்.

– எங்க பாட்டையும் கொஞ்சம் நினைச்சுப் பாரேன். அந்த ஓபராப் பாட்டுல காதலி கூப்பிடுவா. பாஸ்குவாலே சின்னக் கொம்புல அவ குரலை எப்படி உருகி உருகி ஊதுறான்! பதில் சொல்ல வேண்டிய காதலன் யாரு? சவேரியோவோட பெரிய பித்தளைக் கொம்பு. அந்த இடம் வந்ததும் நாங்க எல்லாம் டும் டும்னு தாளத்தை மட்டும் போட்டுக்கிட்டு, அவன் தொப்பி வச்ச வெறும் நாற்காலியைப் பாத்துக்கிட்டு இருக்கோம். பக்கத்து ஊர்க்காரன், உங்க ஊர்க் காதலன் ஊமையான்னு கேட்கிறான்.

– காது இல்லாதவனுக்கு ஊமைதான்.

– ஆரம்பிச்சுட்டியா!

– வாசல்ல நிக்கிறியே தம்பி, நீ யாரு? உள்ள வா. டொனாத்தோ, ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தா இன்னார்னு சொல்ல மாட்டியா? மரியாதை தெரியாத ஜென்மம்.

– வெளியூர்ல இருந்து வந்திருக்கான் அக்கா. கொம்பு ஊதுவான். மிகேல்னு பேரு.

– நம்ம சம்மனசு பேரு! உக்காரு தம்பி. இந்தா காபி. அந்தத் துணி மூட்டையைக் கீழ வையேன், எதுக்குப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில வச்சிருக்க?

– இருக்கட்டும் அம்மணி. எனக்காகத் தாங்கள் விசனப்பட வேண்டாம்.

– என்னது?

– விசனப்பட வேண்டாம்னு சொன்னேன்.

– மாதாவே! விசனமாம்! டொனாத்தோ, கேட்டியா? அந்த வார்த்தையை இந்த ஊர்ல கடைசியா சொன்ன ஆளு என் மாமியார். அவளைப் புதைச்ச இடத்துல புல் முளைச்சு மரமே ஆகிடுச்சு. பாத்தா முப்பது வயசு இருக்கும், பேச்சு கல்லறைப் பேச்சா இருக்கு. எங்க கத்துக்கிட்ட தம்பி?

– வீட்டில்தான் அம்மணி.

– எந்த வீட்டுல?

– அக்கா, அக்கா, அதெல்லாம் அப்புறம். சொல்றதைக் கேளு. இன்னிக்கு ஒரே ஒரு நாள். இவன் அந்த நாற்காலியில உக்காந்து, அந்த ஒரு பாட்டை ஊதட்டும். அப்புறம் வேணும்னா நாற்காலியை இழுத்துட்டு வந்து உன் வீட்டுலயே போட்டுடறேன்.

– இவன் ஊதினா, அவன் எங்க ஊதுவான்?

– எவன்?

– சவேரியோ.

– அக்கா...

– உன்கிட்ட இதுவரைக்கும் சொன்னதில்ல. சொன்னா கடையில உக்காந்து ஊர் முழுக்க நுரையோட சேர்த்துத் தடவிடுவ. இன்னிக்குச் சொல்றேன், அப்பத்தான் இனிமே கேட்டு வரமாட்ட. திருநாள் அன்னிக்கு நான் ஏன் கோயில் சதுக்கத்துக்கு வர்றதே இல்லைன்னு நினைக்கிற?

– காலு வலின்னுதான் நினைச்சேன்.

– காலு வலியாம்! மேடையில விளக்கு ஏத்தினதும், இந்த அடுப்படி ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நிப்பேன். உங்க சத்தம் வாசப் பக்கமா வரும். பாஸ்குவாலே கூப்பிடுவான். நீங்க தாளத்தைப் பிடிச்சுக்கிட்டுக் காத்திருப்பீங்க. அப்ப சவேரியோ பதில் சொல்லுவான். சதுக்கத்துல இருந்து இல்ல. இந்த ஜன்னல் பக்கமிருந்து.

– அந்தப் பக்கம் கடல்தானே அக்கா இருக்கு.

– எனக்குத் தெரியாதா? பாத்திரம் கழுவுறப்ப எல்லாம் அதைத்தானே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

– சேசுவே. எனக்கு முடியெல்லாம் நட்டுக்குது. சாமியாரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிச்சா...

– தீர்த்தத்தை உன் தலையில தெளி. நானும் முதல் வருஷம் பேய்னுதான் பயந்தேன். ஜன்னலை அறைஞ்சு சாத்திட்டு, கட்டிலுக்குப் பக்கத்துல முட்டி போட்டு ஜெபமாலை சொன்னேன். ஆனா கேட்டுக்கோ, பேய்க்கு வயசாகுமா? செத்தவன் செத்த வயசுலயே நிப்பான். இவன் குரலுக்கு வயசாகிட்டே வருது. முதல்ல காளை மாதிரி ஊதினான். அப்புறம் ஒரு வருஷம் பாத்தா, பல்லு விழுந்தவன் ஊதுற மாதிரி ஓரத்துல காத்து ஒழுகுச்சு. என்ன கஷ்டப்பட்டானோ, ரெண்டு மூணு வருஷத்துல அதைச் சரி பண்ணிட்டான். அப்புறம் நிதானம் வந்துச்சு. போன வருஷம் என்ன ஆச்சு தெரியுமா?

– என்ன ஆச்சு?

– கடைசியில மேல ஏறுற இடம் இருக்கே, ஒரே மூச்சுல ஏறணும். சவேரியோ அதை ஏறுறதைக் கேட்கிறதுக்குன்னே மலையில இருந்து ஆளுங்க கழுதை கட்டிக்கிட்டு வருவாங்க. போன வருஷம் அங்க பாதியில மூச்சு எடுத்தான். சவேரியோ! மூச்சு எடுத்துட்டுத்தான் மேல போனான். நான் இங்க நின்னு சந்தோஷத்துல அழுதேன்.

– தப்பா ஊதினதுக்கா சந்தோஷம்?

– உனக்கு எங்க புரியப்போகுது. எனக்கு மூட்டு வலிக்குது, அவனுக்கு மூச்சு வாங்குது. அவன் அந்தக் கரையில, நான் இந்தக் கரையில, ரெண்டு பேரும் சேர்ந்தேதான் கிழடாகிட்டு இருக்கோம். உயிரோட இருக்கிறவனுக்குத்தானே மூச்சு வாங்கும்? இப்பச் சொல்லு, உயிரோட இருக்கிறவன் குரலை எப்படி விட்டுக்கொடுப்பேன்? ஐயோ, பாத்து தம்பி! காபியைப் பூரா மேல கொட்டிக்கிட்டியே!

– மன்னிக்கணும் அம்மணி.

– காபி கிடக்குது. மூட்டை நனையுது பாரு, குடு இங்க. என்ன இது, இவ்வளவு கனம்? கொம்பா?

– அக்கா, வேணாம், இரு. நான் பொறுமையா சொல்றேன்.

– கையை எடு டொனாத்தோ.

– அக்கா, முதல்ல உக்காரு...

– கையை எடுன்னு சொன்னேன்! இந்த நெளிசல். டொனாத்தோ, விளிம்புல இருக்கிற இந்த நெளிசல்.

– அது எங்கயாவது இடிச்சிருக்கும் அக்கா.

– எங்க இடிச்சுச்சுன்னு எனக்குத் தெரியும்.

– எனக்கும் தெரியும் அம்மணி. மாடியில இருந்து நீங்க படியில விட்டெறிஞ்சீங்க. கப்பலுக்குக் கிளம்பின அன்னிக்கு. கொம்பு வேணுமா நான் வேணுமான்னு கேட்டீங்க.

– அது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

– தட்டி நேராக்க அங்க ஆள் இருந்தாங்க. அப்பா கடைசி வரைக்கும் தட்ட விடல.

– அப்பாவா?

– ஆமாம் அம்மணி.

– டொனாத்தோ. இது உனக்குத் தெரியும்.

– முந்தாநாள்தான் தெரியும் அக்கா. கடைக்கு வந்து உக்காந்தான். நுரையைத் தடவிட்டுக் கண்ணாடியில மூஞ்சியைப் பாக்குறேன், சவேரியோ! கத்தி கையில இருந்து விழுந்துடுச்சு, என் கத்திமேலயே சத்தியமா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, முதல்ல நீ விட்டுக்கொடுத்துட்டா அப்புறம் சொல்லிக்கலாம்னு...

– கோழை. முந்தாநாள்ல இருந்து ஊருக்கெல்லாம் சவரம் பண்ணிக்கிட்டு இதை வாய்க்குள்ளயே அதக்கி வச்சிருந்தியே! அப்ப அங்க ஒரு பொண்டாட்டி. ஒரு பிள்ளை. நான் இங்க பைத்தியக்காரி மாதிரி ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னேன்.

– அவரும் அப்படித்தான் நின்னார் அம்மணி.

– என்ன சொல்ற?

– செருப்புத் தைக்கிற கடை வச்சிருந்தார். வருஷத்துல ஒரு நாள், இந்தத் திருநாள் அன்னிக்கு, நாலு மணி வெயில்ல கடையைச் சாத்திடுவார். 'ஊர்ல இருட்டிப்போச்சு, விளக்கு ஏத்திட்டாங்க'ம்பார். மொட்டை மாடிக்குப் போய் இதை ஊதுவார். கொஞ்சம் ஊதிட்டு நிறுத்துவார். காலால தாளம் போட்டுக்கிட்டுச் சும்மா நிப்பார். மறுபடி ஊதுவார். தெருவே சிரிக்கும், துண்டு துண்டா ஊதுறான் கிறுக்கன்னு. எனக்கும் வெட்கமா இருக்கும். ஏன்ப்பா நடுவுல நிறுத்துறீங்கன்னு ஒரு தடவை கேட்டேன். 'ஏண்டா, பாஸ்குவாலே ஊத வேண்டாமா?'ன்னு கேட்டார்.

– உன் அம்மா என்ன பண்ணுவா?

– கீழே எல்லா ஜன்னலையும் சாத்திக்கும். இன்னிக்கு ஒரு நாள் அவர் நம்ம ஆள் இல்லைன்னு சொல்லும்.

– பாவம், அவளும்தான் என்ன செய்வா. சரி, அவன் எங்க? கொம்பை உன்கிட்ட குடுத்தனுப்பிட்டு அவன் ஏன் வரல? என் மூஞ்சியைப் பாக்க வெட்கமா இருக்காமா?

– அக்கா, நான் சொல்றேன்...

– நீ வாயை மூடு. தம்பி, நீ சொல்லு.

– தவறிட்டார் அம்மணி. கடையில, வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே.

– எப்ப?

– போன வருஷம் ஜூன் மாசம். நாங்க இருக்கிற தெற்குக் கோடியில அப்ப குளிர் காலம்.

– பொய்.

– அம்மணி...

– பொய் சொல்ற! திருநாள் செப்டம்பர்லடா! ஜூன்ல செத்தவன் செப்டம்பர்ல எப்படி ஊதினான்? நான் கேட்டேனே, இதே இடத்துல நின்னு, இந்தக் காதால! மூச்சு எடுத்தான்னு இப்பத்தானே சொன்னேன்? செத்தவனுக்கு எதுக்குடா மூச்சு? டொனாத்தோ, இவனைக் கூட்டிட்டுப் போ. நாற்காலியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. என் புருஷன் உயிரோட இருக்கான்.

– வா தம்பி, போயிடலாம். நான்தான் தப்புப் பண்ணிட்டேன்.

– ஒரு நிமிஷம் ஐயா. அம்மணி, அந்த மூச்சு, எந்த இடத்துல எடுத்ததுன்னு காட்ட முடியுமா?

– காட்டுறேன், கேட்டுக்கோ. எனக்கு என்ன பயம்? லா... லலா லா... லலா... இங்க. இந்த இடத்துல நிறுத்தி, மூச்சை இழுத்துட்டு, அப்புறம்தான் மேல போனான். ஏன் அழறே? டொனாத்தோ, இவன் எதுக்கு அழறான்?

– 'அங்க என் இடத்தைக் காலியாவே வச்சிருப்பாங்க, நான் போனப்புறம் ஒரு வருஷம்கூட விட்டுடாதே'ன்னு சொல்லிட்டே இருப்பார் அம்மணி. நான் நம்பல. ஆனாலும் மனசு கேட்காம, போன வருஷம் நாலு மணிக்கு மாடிக்குப் போய் நான்தான் ஊதினேன். அந்த இடத்துல எனக்கு மூச்சு பத்தல.

– மாதாவே... அக்கா, வேணாம்னா இவனைக் கூட்டிட்டுப் போயிடறேன்.

– எங்கயும் கூட்டிட்டுப் போக வேணாம். மூஞ்சியைத் துடைச்சுக்கோ, மிகேல். இன்னிக்கு மேடையில அங்க மூச்சு எடுத்துடாதே. பாஸ்குவாலே கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ளயே இழுத்து வச்சுக்கோ. உங்க அப்பன் அப்படித்தான் செய்வான்.