ஆறாவது மூடி

டயரைக் காலால் உதைத்துப் பார்த்து வாங்குகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உதைத்தால் கால்தான் வலிக்கும், டயர் ஒன்றும் சொல்லாது. உள்ளே கையை விட்டுத் தடவ வேண்டும். கேன்வாஸ் துணி எங்கேயாவது கிழிந்து விரலில் நெருடுகிறதா என்று பார்க்க வேண்டும். இருபது வருடமாக அருப்புக்கோட்டையில் இதுதான் என் பிழைப்பு. பாளையம்பட்டிப் பக்கம் பஞ்சர் கடை. பஸ் முதலாளியோ பஞ்சு வியாபாரியோ, மதுரைக்குப் போய் டயர், பேட்டரி எடுப்பதென்றால் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். ‘பால்சாமி கை வச்சுட்டா அப்பீல் இல்ல’ என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது அதுதான்.

போன சித்திரையில் திருச்சுழி ரோட்டில் ஒரு அம்பாஸடர் புளியமரத்தில் மோதியது. பரளச்சி நல்லமுத்துவும் அவருடைய டிரைவர் காளிராஜும் அதே இடத்தில் போய்விட்டார்கள். டயர் வெடித்த விபத்து என்று உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் எழுதி மூடிவிட்டார்கள். அது விபத்து இல்லை.

நல்லமுத்து எனக்கு மாமா முறை. என் மனைவி ராக்கம்மாளும் பரளச்சிதான். ஊரிலேயே கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர். அறுபத்தெட்டு தை மாதம் அதற்குப் புது பேட்டரி எடுக்க என்னை மதுரைக்குக் கூட்டிப் போனார். கடைக்காரன் நாலைந்தை எடுத்து வைத்தான். ஒவ்வொன்றாகத் தூக்கிக் கனம் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். செல்லுக்கு ஒன்றாக இருந்த ஆறு மூடியில் ஐந்தைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஆசிடை உறிஞ்சி அளவு பார்த்தேன். ஐந்தும் ஒரே அளவு. ஆறாவது மூடி இறுகிக் கிடந்தது. திருகினால் உடைந்துவிடும் என்றான் கடைக்காரன். ஐந்து சரியாக இருக்கும்போது ஆறாவது மட்டும் எங்கே போய்விடும்? “எடுங்க மாமா, மூணு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்” என்றேன்.

வைகாசியில் ராக்கம்மாள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டில் இருந்தாள். உச்சிவெயில் நேரத்தில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே நின்றுவிட்டது. என் மாமனார் காரைக் கேட்டு ஓடினார். கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் அவருக்கும் நல்லமுத்துவுக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. கார் வரவில்லை. மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சேதி கேட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றிருந்தேன். வண்டி வந்தபோது வைக்கோல் முழுக்க நனைந்திருந்தது. தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

மறுநாள் நல்லமுத்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “பேட்டரி படுத்துருச்சு மாப்ளே. காளிராஜும் நாலு பேரும் கண்மாய்க்கரை வரைக்கும் தள்ளுனாக. உறும மாட்டேன்னுருச்சு. எந்தச் சாமி முன்னாடி வேணாலும் சத்தியம் பண்றேன்.”

தலையாட்டி வைத்தேன். பரளச்சியில் புழுதியைப் பார்த்தேன். டயர்த் தடமும் தள்ளியவர்களின் கால்தடமும் கண்மாய்க்கரை வரை இருந்தன. ஒப்புக்குச் சுவிட்சைப் போடாமல் தள்ளினாலும் அதே தடம்தான் விழும்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். நான் பார்த்து எடுத்த பேட்டரி நாலு மாதத்தில் படுக்காது. படுக்காதென்றால் அவர் சொன்னது பொய். பொய்யென்றால் என் மனைவியையும் பிள்ளையையும் கொன்றது அவர். அந்த பேட்டரியை வாங்கிப் பார்த்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நான் பார்த்து எடுத்ததை நானே எதற்கு மறுபடி பார்க்க வேண்டும்?

 அவர் கடைக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் காருக்கு டயர் தேயும்வரை பொறுத்திருந்தேன்.

எழுபதாம் வருடம் மாசியில் தேய்ந்தது. புது டயருக்கு அப்போது தட்டுப்பாடு. மதுரையில் பழைய டயர் கடைக்குப் போனோம். வழுக்கையாகிப்போன ஒரு டயரில் சூட்டுக் கத்தியால் புதிதாகக் காடி வெட்டி, கறுப்புப் பூசி வைத்திருந்தான். உள்ளே கையை விட்டேன். சுண்டுவிரல் நீளத்துக்குக் கேன்வாஸ் கிழிந்து, மேலே ஒட்டுப் போட்டிருந்தது. பக்கத்திலேயே நல்ல டயர் ஒன்றும் இருந்தது. அதை நகர்த்தி வைத்தேன்.

“எப்படி மாப்ளே?”

“தைரியமா ஓட்டுங்க மாமா.”

“நீ சொன்னாச் சரி” என்றார். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நானே முன்பக்கம் மாட்டினேன். காற்றைக் கொஞ்சம் கூட்டியே அடித்தேன். அதற்குப் பிறகு வெயில் ஏறுவதுதான் பாக்கி. பங்குனிக் கடைசியில் காளிராஜ் காற்றுப் பிடிக்க வந்தவன், “அண்ணே, ஓரத்துல லேசாப் புடைச்ச மாதிரி இருக்கே” என்றான். குனிந்து தடவிப் பார்த்தேன். கோழிமுட்டை அளவுக்கு எழும்பியிருந்தது. “வெயிலுக்கு அப்படித்தான்டா தெரியும், போ” என்றேன். அவனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவன்மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. கார் அவனில்லாமல் ஓடாது, அவ்வளவுதான்.

பத்து நாளில் வெடித்தது. துட்டிக்குப் போய்ப் பிணத்துக்கு மாலை போட்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வருடம் கழித்து இப்போது ஏன் வந்தாய் என்று கேட்டீர்கள். ஊரில் பேசுகிறார்கள், ஐயா. ‘பால்சாமி பாத்து எடுத்த டயரே வெடிச்சிருச்சாம்ல’ என்கிறார்கள். மல்லாங்கிணறு லாரிக்காரர் போன மாதம் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் கை பிசகவில்லை. வெடிக்கும் என்று தெரிந்தே எடுத்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் நல்லமுத்துவின் மனைவி ஒச்சம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாக்கில் சுற்றி அந்தப் பழைய பேட்டரியைக் கொண்டுவந்திருந்தாள்.

“அவுக இதைத் தொழுவத்துல போட்டு யாரையும் தொட விடல மருமகனே. அப்பவே சார்ஜ் போடுற கடையில காட்டுனாக. ஒரு செல்லு மொதல்லருந்தே பழுதுன்னுட்டான். ‘மாப்ளைட்ட மூச்சு விட்றாத, தெரிஞ்சா நாண்டுக்கிட்டுச் செத்துருவான்’னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. இப்ப அவுகளே இல்ல. எடைக்குப் போட்டுரு.”

அவள் போனதும் மேலே இருந்த தாரை உருக்கி, தகடுகளை ஒவ்வொன்றாக உருவினேன். ஐந்து செல் சுத்தமாக இருந்தது. ஆறாவது மூடியை உளி வைத்துத்தான் உடைக்க வேண்டியிருந்தது. உள்ளே தகடே இல்லை, எல்லாம் உதிர்ந்து அடியில் சேறாகக் கிடந்தது.

மூன்று வருடம் தொழுவத்தில் சும்மா கிடந்தால் எந்த பேட்டரியும் அப்படித்தான் ஆகும், ஐயா.