பெரியவர் படுத்துட்டார்

காலையிலேயே வந்தது நல்லதாகப் போயிற்று. பழைய வண்டியை எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். நான் மறைக்கிற ஆள் இல்லை. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும். அப்புறம் அந்த நாற்காலியை நிழலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் என்ன குறை, எதற்காக விற்கிறீர்கள் என்று இரண்டு கேள்வி கேட்டீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கொஞ்சம் நீளமான பதில்.

வண்டியின் பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. பின்கதவில் பொறித்திருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளலாம். இது புதிதாக வந்த காலத்தில் என் மாதிரி ஆள் இதன் பக்கத்தில் நின்று போட்டோதான் எடுத்துக்கொள்ள முடியும். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். எனக்கு இதை விற்றவர் ஒரு பல் டாக்டர். மலையேறும், ஆற்றைக் கடக்கும், நான்கு சக்கரத்தாலும் சேற்றை உழும் வண்டியை அவர் கிளினிக்குக்கும் வீட்டுக்குமாக ஓட்டிக்கொண்டிருந்தார். சாவியைக் கொடுத்தபோது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னைப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற வண்டிகள் இரும்புச் சுருளின் மேல் நிற்கும். இது நான்கு ரப்பர் பைகளில் காற்றை நிரப்பி, அந்தக் காற்றின் மேல் நிற்கிறது. சாவியைத் திருப்பினால் நான்கு மூலையும் மெதுவாக உயரும். முதல் நாள் அதைப் பார்த்துச் சொக்கிப்போய் சாவியைத் திருப்பித் திருப்பி விளையாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பையில் எங்காவது கசிந்தால் போயிற்று. காலையில் வந்து பார்க்கும்போது வண்டி ஒரு பக்கமாக மண்டி போட்டுக் கிடக்கும். வாங்கிய அடுத்த வாரமே அப்படிக் கிடந்தது.

என் மெக்கானிக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. வயதான வண்டியை அது, இது என்று பேசமாட்டார்.

"மரியாதையா பேசணும் சார். அதுன்னு சொன்னா முறைச்சுக்குவார்" என்பார்.

புது வண்டியெல்லாம் அவருக்குப் 'பய'. என் வண்டி 'பெரியவர்'. ஊர் உலகத்தில் வண்டி நின்றுபோனால் 'படுத்துடுச்சு' என்பார்கள். அவர் 'படுத்துட்டார்' என்பார். பிழை திருத்துகிறவனுக்கு விகுதி மேல் ஒரு கண் இருக்கத்தான் செய்யும். அந்த மரியாதை எனக்கும் பிடித்திருந்தது. நானும் அப்படியே பேசப் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கையில் சோறு என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"பெரியவர் படுத்துட்டார் சார்" என்றார் மெக்கானிக். "இடது காலைத் தூக்கவே முடியல. மூச்சு உள்ள நிக்க மாட்டேங்குது. இப்பவே பாக்கலைன்னா அப்புறம் கைவிட்டுட வேண்டியதுதான்."

மனைவியின் ஊசி நின்றது. எங்கள் வீட்டில் பெரியவர் என்றால் என் பெரியப்பா. பக்கத்து ஊரில் தனியாக இருந்தார். நீச்சல் வாத்தியார். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் விடியலில் குளத்தில் இறங்கி, இளவட்டங்களை முந்திக்கொண்டு கரையேறுகிற மனிதர். அப்பா இல்லாத என்னை வளர்த்தது அவர்தான்.

"என்னங்க, நம்ம பெரியவரா? யாரு பேசறது, ஆஸ்பத்திரியிலேருந்தா?" என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. தலையை மட்டும் கொஞ்சம் ஆட்டினேன். அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவள் எழுந்து போய், புதுத் தையல் மெஷினுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டுவந்து என் பாக்கெட்டில் வைத்து, "ஓடுங்க" என்றாள். ஓடினேன். சாயங்காலத்துக்குள் புதுப் பை போட்டு வண்டி எழுந்து நின்றது.

"எழுந்துட்டாரா?" என்று வாசலிலேயே கேட்டாள்.

"எழுந்துட்டார்" என்றேன். அதுவும் உண்மைதானே.

அன்றிலிருந்து நான் வீட்டில் சொன்ன வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ஒன்றில்கூடப் பொய் கிடையாது. எழுவாய் மட்டும்தான் வேறு. பிழை திருத்துவது என் தொழில் என்பது சரி. வீட்டுக்கு வந்தும் தொழில் பார்க்க முடியுமா?

பெரியவருக்கு அடிக்கடி முடியாமல் போயிற்று. ஒரு மாதம் பம்ப் பலவீனம். ஒரு மாதம் எண்ணெய் ஒழுகல். புதுப் பம்ப் கிடைக்கவில்லை என்றபோது மெக்கானிக் போனில், "கவலைப்படாதீங்க சார், நேத்து இறந்துபோன ஒருத்தர்கிட்டேருந்து எடுத்து வச்சிருக்கேன். நல்லா துடிப்பான பம்ப்" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி, அந்த முகம் தெரியாத மனிதருக்காகக் கையெடுத்துக் கும்பிட்டாள். உறவுக்காரர்களுக்கெல்லாம் தெரிந்து, கூடப் பிறந்தவர்களுக்கே கொடுத்துப் பழகாத என் மச்சான் வரை ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். "இந்தக் காலத்துல பெரியப்பாவுக்கு யாரு மாப்பிள்ளை இவ்வளவு பாக்கறாங்க" என்று மச்சான் கண் கலங்கினார். எனக்கும் கலங்கியது. என்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் தாங்கமாட்டேன்.

வண்டியைப் பற்றி மனைவிக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. "பழசு வாங்கறீங்களேன்னு பயந்தேன். ஒரு செலவு வைக்கலியே, பாவம்" என்று அதன் கண்ணாடியைத் துடைத்துவிடுவாள்.

அவள் ஏன் பெரியப்பாவிடமே பேசவில்லை என்று கேட்பீர்கள். பேசினால் அவருக்கு மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருந்தேன். அது மட்டும் வண்டிக்குப் பொருந்தாத வாக்கியம், ஒத்துக்கொள்கிறேன். பெரியப்பாவிடம், வீட்டில் எல்லோரும் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்கள், நீங்களாகக் கூப்பிட வேண்டாம் என்றேன். "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து கியர்பாக்ஸிலும் சத்தம் வந்திருந்தது.

பிறகு ஒருநாள் மனைவியும் மச்சானும் என்னிடம் சொல்லாமல் அவரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பஸ் ஏறிய பிறகுதான் போன் செய்தாள். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வண்டி எப்படி ஓடும் என்று கேட்டீர்களே, அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். குறுக்கே வயல், ஓடை, கல்குவாரிப் பாதை. பஸ் வருவதற்குள் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன். ஒரு சிணுங்கல் இல்லை.

பெரியப்பா அப்போதுதான் குளத்திலிருந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். என் குடும்பமே உடைந்துவிடும், இன்று ஒருநாள் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"ஒரு நாள்தானேடா?" என்றார்.

"ஒரே நாள்தான் பெரியப்பா."

துண்டை வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். தப்பு அவர் பக்கமும் உண்டு. அளவாக நடிக்கத் தெரியவில்லை. என் மனைவி கையைப் பிடித்து "மாமா" என்றதும், நீச்சல்காரர் அல்லவா, மூச்சை அடக்கினார். அடக்கியவர் விடவே இல்லை. அவள் பயந்து அலறியதைக் கேட்டு மச்சான் ஓடி வந்தார். இனி இவரைத் தனியாக விடக்கூடாது என்று அங்கேயே முடிவாயிற்று. அன்று மாலை பின் சீட்டில் பெரியவரைப் படுக்கவைத்து, பெரியவரே சுமந்துகொண்டு வந்தார். குழியே தெரியவில்லை. அந்த சஸ்பென்ஷனுக்கு நிகர் கிடையாது.

மாடி அறையைக் கொடுத்தோம். மனைவி பார்த்துக்கொள்வதில் ஒரு குறை சொல்ல முடியாது. உப்பில்லாத கஞ்சி, வேளைக்கு மருந்து, துணைக்கு ரேடியோ. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "வயசுக்கு ரொம்ப நல்லா இருக்காரே" என்றார். "இவ்வளவு செலவு பண்ணிருக்கோம், நல்லா இல்லாம எப்படி?" என்று அவள் அவரையே மடக்கிவிட்டாள்.

தினமும் காலையில் நான் மாடிக்குப் போவேன். பெரியப்பா மெதுவாகக் கேட்பார்: "இன்னிக்கு எழுந்துக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க பெரியப்பா. வண்டிக்கு ஒரு சென்சார் வரணும்" என்பேன்.

நீங்கள் வண்டி வைத்திருப்பவர், உங்களுக்குப் புரியும். அவர் எழுந்து நடமாடினால் யார் பணம் தருவார்கள்? பெரியவர் படுத்திருந்தால்தான் பெரியவர் எழுந்து நிற்க முடியும். இரண்டு பேரில் யாருக்குப் பொறுமை அதிகம் என்று யோசித்தேன். பெரியப்பாவுக்குத்தான். சஸ்பென்ஷனுக்கு ஏது பொறுமை?

கியர்பாக்ஸ் முழுசாகப் போனபோது நிலைமை கஷ்டமாயிற்று. ஊரில் பெரியப்பாவின் வீடு சும்மா பூட்டிக் கிடந்தது. அதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று முதலில் கேட்டது மச்சான், நானில்லை. விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது பெரியப்பா என்னிடம், "அந்தக் குளம் வீட்டுப் பின்பக்கத்துலேருந்து பாத்தா தெரியும்டா" என்றார். கியர்பாக்ஸ் பிரமாதம். நீங்களே மாற்றிப் பாருங்கள், வெண்ணெய்.

எதற்காக விற்கிறேன் என்பதற்கு வந்துவிட்டேன். போன வாரம் டாக்டர் அவர் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். தொடைச் சதை வற்றிவிட்டது, இப்போதே எழுப்பி நடக்கவைத்தால் தப்பிக்கலாம், இன்னும் ஒரு மாதம் படுத்தால் அப்புறம் எழவே மாட்டார் என்றார். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. நான் கல்நெஞ்சன் இல்லை. வண்டியை விற்றுவிடுவது, செலவெல்லாம் தீர்ந்தது என்று வீட்டில் சொல்லிவிடுவது, பெரியப்பாவை எழுப்பிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உங்கள் போன் வந்ததும் முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

அதோ, மாடி ஜன்னலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். மனைவி கடைக்குப் போன பிறகு தானே முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். சட்டையை மாற்றிக்கொண்டு, ஷூகூட மாட்டிக்கொண்டுவிட்டார். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போனதும் கீழே இறங்கி வருவதாக ஏற்பாடு. நம்மைப் பார்த்துக் கை காட்டுகிறார் பாருங்கள், சந்தோஷம்தான்.

சரி, பேசினது போதும். உள்ளே உட்காருங்கள். அந்தத் தோல் வாசனையைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். டேஷ்போர்டு மரப் பலகையில் கீறல் இருக்கிறதா? சாவியைப் பாதி திருப்பிவிட்டு நிறுத்துங்கள். இப்போது முழுசாக.

சத்தம் கேட்கிறதா? சத்தமே இல்லை, அதைத்தான் சொல்கிறேன். ஓரமாகக் கவனியுங்கள், முன்பக்கம் எழுகிறது. பின்பக்கம். இடது மூலை எப்போதும் கொஞ்சம் தயங்கும். இன்றைக்குத் தயங்கவே இல்லை. ஒரு எச்சரிக்கை விளக்குகூட எரியவில்லை. நான் வாங்கியதிலிருந்து இவர் இப்படி நாலு காலும் சமமாக நின்று நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் இறங்குங்கள்.

அட்வான்ஸை உள்ளே வையுங்கள். உங்களை அலையவிட்டதற்கு மன்னிக்க வேண்டும். விலை பற்றியெல்லாம் இல்லை. இப்படி நிற்கிறவரை யாராவது வெளியே அனுப்புவார்களா? பின்னால் ஒரு சின்ன சத்தம் இருந்தது, உங்களுக்குக் கேட்டிருக்காது. ஒரு பை மட்டும் மாற்ற வேண்டும். வெளியிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு மாதம், அதற்குப் பிறகு இதில் வேலையே இருக்காது.

நீங்கள் ஏன் மேலே பார்க்கிறீர்கள்? அவரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை இப்படித் தாழ்த்திக் காட்டினேன், அவ்வளவுதான். ஷூவைக் கழற்றிவிட்டுத் தானாகவே போய்ப் படுத்துக்கொண்டார். என்மேல் அவ்வளவு பாசம். அவரை நான் ஒருநாளும் கட்டாயப்படுத்தியதே இல்லை.