மச்சில் இருந்த போர்தோ

சேஷம்மாள்: ...கிளாஸ் என்னத்துக்கு ரெண்டு?

சாம்பசிவன்: உனக்கு ஒண்ணு.

சேஷம்மாள்: நான் குடிக்கறதா? உங்க கொச்சி வைன் கிளப்புக்காராளைக் கூப்பிடறதுதானே.

சாம்பசிவன்: இது அவாளுக்கு இல்லை. உக்காரு.

சேஷம்மாள்: ஆறு மணிக்கு ரஞ்சனி கூப்பிடுவான்னு சொன்னேனே. ஃபிளைட் ஏறறதுக்கு முன்னாடி ஒரு தடவைதான் கூப்பிட முடியுமாம். அயர்லாந்து போனா இனி எப்போ வருவாளோ. பெத்த அப்பா ஒரு வார்த்தை...

சாம்பசிவன்: கார்க்கை எடுக்கறேன். பேசாதே.

சேஷம்மாள்: 'சௌக்யமாப் போயிட்டு வா'ன்னா வாயிலேர்ந்து முத்து உதிர்ந்துடுமோ?

சாம்பசிவன்: ...

சேஷம்மாள்: என்ன, வரலையா?

சாம்பசிவன்: வந்துடுத்து. லேசா வந்துடுத்து.

சேஷம்மாள்: அதையே என்ன உத்துப் பாத்துண்டிருக்கேள்?

சாம்பசிவன்: ஒண்ணுமில்லை. வெறுதே... பழைய கார்க்கு.

சேஷம்மாள்: அவ வயசுதானே அதுக்கும்.

சாம்பசிவன்: கஞ்சிக்கோட்டு ஃபேக்டரிலேர்ந்து என்னை ஃபிரான்சுக்கு ட்ரெயினிங் அனுப்பியிருந்தா. பொண்ணு பொறந்திருக்குன்னு போன் வந்தது. அன்னிக்குச் சாயங்காலமே கடைக்குப் போய், 'என் பொண்ணு கல்யாணத்துக்கு எடுக்கற மாதிரி ஒரு போர்தோ வைன் குடு'ன்னேன். கடைக்காரன் என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான்.

சேஷம்மாள்: இங்கே கொண்டுவந்து, தெருவுக்குத் தெரியப்படாதுன்னு மச்சுல, ஊறுகாய் போட்ட பரணிக்குப் பின்னாடி ஒளிச்சேள்.

சாம்பசிவன்: கல்பாத்தி அக்ரஹாரத்துல வேற எங்கே வெப்பா?

சேஷம்மாள்: 'உன் கல்யாணத்தன்னிக்கு ஒடைப்பேன்'னு அவகிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பேள். கொழந்தை அதைக் கதை மாதிரி திரும்பத் திரும்பக் கேப்பா.

சாம்பசிவன்: கல்யாணம்தான் நடக்கலையே.

சேஷம்மாள்: நடந்தது. நீங்க வரலை.

சாம்பசிவன்: சர்ச்சுல நடந்தது எனக்குக் கல்யாணம் இல்லை.

சேஷம்மாள்: பின்னே இன்னிக்கு எதுக்கு ஒடைக்கறேள்?

சாம்பசிவன்: இனி யாருக்காக வெச்சிண்டிருக்கறது? கிளாஸைப் பிடி. அப்படி இல்லை, காம்பைப் பிடி. இப்போ மெதுவா ஒரு சுத்து சுத்து.

சேஷம்மாள்: ரசத்தைத் தெளிய வெக்கற மாதிரி.

சாம்பசிவன்: மூக்குகிட்ட கொண்டு போ. என்ன வாசனை?

சேஷம்மாள்: நீங்க சொல்லுங்கோ. நாசிக் வரைக்கும் போய் ஒவ்வொரு பீப்பாயா முகர்ந்துட்டு வந்தவர் நீங்கதானே.

சாம்பசிவன்: பிளம் பழம்... பழைய மரப்பெட்டி... மழை பெஞ்ச மண்ணு. அப்பறம்... ஏதோ ஒரு மசாலா.

சேஷம்மாள்: குடிச்சுட்டுச் சொல்லுங்கோ.

சாம்பசிவன்: ...

சேஷம்மாள்: எப்படி?

சாம்பசிவன்: அபாரம்.

சேஷம்மாள்: நெஜமாவா?

சாம்பசிவன்: நாக்குல வெல்வெட் மாதிரி போறது. முழுங்கினப்பறமும் செத்த நேரம் நிக்கறது பாரு, அதுதான் ஃபிரெஞ்சு வைன். எல்லாம் அந்த மண்ணோட குணம். தலைமுறை தலைமுறையா ஒரே நெலத்துல ஒரே கொடியைப் பாத்துண்டிருக்கணும். மனசிலாச்சா?

சேஷம்மாள்: ஆனைக்கரையில இப்படி வராதோ?

சாம்பசிவன்: உன் மாப்பிள்ளை ஊர்லயா? கம்பத்துத் திராட்சையை வாங்கிண்டு வந்து பரணில போட்டு, சக்கரையைக் கொட்டி, கோதுமையும் கிராம்பும் போட்டு வாயைக் கட்டி வெப்பா. கிறிஸ்மஸ் வந்தா கேக்கோட குடிப்பா. அதுக்குப் பேர் வைன் இல்லை. கஷாயம்.

சேஷம்மாள்: 'குடிக்கற குடும்பம், பொண்ணைக் குடுக்க மாட்டேன்'னு நின்னேள். கையில கிளாஸை வெச்சுண்டே சொன்னேள்.

சாம்பசிவன்: குடிக்கறது வேற. ருசிக்கறது வேற.

சேஷம்மாள்: இன்னும் கொஞ்சம் விடட்டுமா?

சாம்பசிவன்: விடு.

சேஷம்மாள்: கஷாயம் அவ்வளவு பிடிச்சுப் போச்சா?

சாம்பசிவன்: என்ன சொல்றே?

சேஷம்மாள்: அது மாப்பிள்ளை டிஜோவோட அம்மா போட்டது. நீங்க சொன்ன அதே கம்பத்துத் திராட்சை. அதே கிராம்பு. குருவாயூர்ல பஜனம் இருக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேனே, குருவாயூருக்குப் போகலை. உங்க போர்தோவைத் துண்டுல சுத்தி மடியில வெச்சுண்டு, பொள்ளாச்சி, தேனி, கம்பம்னு பஸ் மாறி, கம்பம்மெட்டு ஏறி ஆனைக்கரைக்குப் போனேன். கல்யாணத்துல கேக் வெட்டினதும் பொண்ணும் மாப்பிள்ளையும் வைன் குடிக்கறது அவா வழக்கம். உங்க பாட்டிலைத்தான் ஒடைச்சா.

சாம்பசிவன்: உம்.

சேஷம்மாள்: திரும்பறச்சே காலி பாட்டிலைக் கேட்டேன், மச்சுல பழையபடி வெச்சுடலாம்னு. அந்தம்மா, 'வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் குடுத்து எங்களுக்கும் வழக்கமில்லை'ன்னு சொல்லி நெறைச்சுக் குடுத்தா. இப்போ திட்டுங்கோ. 'அபாரம்'னு சொன்ன அந்த நாக்காலேயே திட்டுங்கோ.

சாம்பசிவன்: கார்க்குல ஏற்கெனவே ஒரு ஓட்டை இருந்தது, சேஷம்.

சேஷம்மாள்: என்ன?

சாம்பசிவன்: நான் திருகறதுக்கு முன்னாடியே இருந்தது. முகர்ந்ததும் கிராம்பு வந்துடுத்து. நீ ஆனைக்கரைக்குப் போனது அன்னிக்கே தெரியும். குருவாயூர் போயிட்டு வந்தவ புடவையில அந்த ஊர்த் தோட்டத்து ஏலக்கா மணந்தது.

சேஷம்மாள்: தெரிஞ்சுண்டேவா... பின்னே எதுக்கு வெல்வெட்டு, மண்ணுன்னு அளந்தேள்?

சாம்பசிவன்: நன்னாயில்லைன்னு சொன்னா, என் வைன் எங்கேன்னு கேக்கணும். கேட்டா நீ சொல்லுவே. கல்யாணத்துல அவ என்ன புடவை கட்டிண்டிருந்தான்னு சொல்லுவே. என்னைத் தேடினாளான்னு சொல்லுவே. அதெல்லாம் எனக்கு வேண்டாம்.

சேஷம்மாள்: கல்லு. கல்லைக் கட்டிண்டு இத்தனை நாள்...

சாம்பசிவன்: போன் அடிக்கறது.

சேஷம்மாள்: அவதான். எடுங்கோ.

சாம்பசிவன்: நீ எடு.

சேஷம்மாள்: நான் தினமும் பேசறேன். நீங்க எடுங்கோ, இந்த ஒரு தடவை...

சாம்பசிவன்: முதல்ல ஒண்ணு சொல்லு. அந்தப் பாட்டில்... இத்தனை வருஷம் நான் காத்துண்டிருந்தது... எப்படி இருந்தது?

சேஷம்மாள்: புளிச்சுப் போயிருந்தது. பாலக்காட்டு வெயில்ல ஓட்டுக்கு அடியில வெச்சா பின்னே என்ன ஆகும்? நானும் ஒரு வாய் குடிச்சேன், தொண்டையில இறங்கலை. மாப்பிள்ளை கைக்குட்டையில துப்பிட்டான். உங்க பொண்ணு மட்டும் ஒரு சொட்டு மிச்சம் வெக்காம குடிச்சுட்டு, முகம் சுளிக்காம, 'எங்கப்பா எனக்குன்னு வெச்சிருந்தது, அபாரமா இருக்கு'ன்னு எல்லார்கிட்டயும் சொன்னா. பொய் சொல்றதுல உங்களை உரிச்சு வெச்சிருக்கா... போன் நின்னுடுத்து.