டிரையருக்கு வைத்த சந்தனம்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும், எதிரே இருந்த காக்கிச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "சாமி சந்தனம்தான்டா எங்க கம்பெனி ஏழுமலை கண்ணை எடுத்துச்சு."

பிறர் பேச்சைக் கேட்பதற்கென்றே நான் காசு கொடுத்து வாங்கும் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா சொல்ற?"

"கம்ப்ரஸர் காத்துல ஈரம் எடுக்கிற டிரையர் கீதுல்ல? போன ஆயுத பூஜைக்கு அதோட பிரஷர் மீட்டர் கண்ணாடி மேலயே சந்தனத்தை அப்பிட்டாங்க. முள்ளு தெரியல. காத்து இறங்கிடுச்சுன்னு நெனச்சு மூடியைக் கழட்டினான். மூஞ்சிலயே அடிச்சிடுச்சு."

"அப்பால தொடச்சாங்களா?"

"சாமிக்கு வெச்சதை எவன் தொடைப்பான்? இந்த வருஷம் இன்னும் பெரிசா வெச்சிருக்காங்க, அவனுக்குக் கண்ணு தெரியணும்னு வேண்டிக்கினு."

"இப்ப அந்த டிரையரை யாரு பாக்குறது?"

"நான்தான்."