முழுச் செம்புக் குண்டு

அக்டோபரில் எங்கள் பக்கம் காற்று காலையில்தான் கொஞ்சம் அடங்கியிருக்கும். தொலைவிலிருந்து மறிமான் சுடுகிறவன் அதற்குள் சுட்டு முடித்துவிட வேண்டும். வயோமிங்கில் பிறந்தவர் நீங்கள், டெபுடி ஷெரீஃப். உங்களுக்குத் தெரியாததில்லை.

தோட்டாக்களை நான் கடையில் வாங்குவதில்லை. குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து, பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை நானே பொருத்துவேன். அடிபட்ட மிருகம் துடிப்பதை என்னால் பார்க்க முடியாது. விழும்போதே உயிர் போய்விட வேண்டும். இத்தனை மெனக்கெடலும் அதற்காகத்தான்.

என் மனைவி நடீனின் அண்ணன் மெரிட்டும் சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவன். ஆனால் சேஜ் புதர்களுக்குள் வயிற்றால் ஊர்ந்து, கிட்டே போய்ச் சுடுவான். இந்த வருடம் நான் ஈயமே இல்லாத முழுச் செம்புக் குண்டுக்கு மாறியது அவனுக்குப் பிடிக்கவில்லை. அன்று காலை என் தோட்டா ஒன்றை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தான்.

“மாப்பிள, இது கிட்டத்துல பட்டா உடம்புக்குள்ள நல்லா விரியும். நீ சுடற தூரத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள வேகம் செத்துடும். விரியாது. மான உருவிக்கிட்டு அந்தப் பக்கம் போயிடும்.”

“போன வருஷம் உன் மான் வேலிக்கடியில நுழைஞ்சு அடுத்தவன் நிலத்துல போய் விழுந்துச்சே. அது எந்தக் குண்டு மச்சான்?”

“அது குண்டு குத்தமில்ல. முந்தின நாள் என் தங்கச்சி சமைச்சதத் தின்ன குத்தம்.”

சிரித்துக்கொண்டே தன் தோட்டாக்களில் நாலைந்தை என் சட்டைப் பையில் போட்டான். ஈயம் வைத்த மென்மையான குண்டு. எங்கள் துப்பாக்கிகள் இரண்டும் ஒரே அளவு.

“வெச்சுக்க. உன் செம்பு ஊசி கவுத்துடுச்சுன்னா ஆகும்.”

அடுத்தவன் நிரப்பிய தோட்டாவைத் தன் துப்பாக்கியில் போடக்கூடாது என்பது எங்களிடையே கண்டிப்பான வழக்கம். அன்று அதை மீறினேன். அந்த வருத்தம் எனக்கு உண்டு.

ஓடைப் பக்கம் வேறு மான் கூட்டத்தைத் தேடுவதாகச் சொல்லிவிட்டு மெரிட் போனான். நான் மேட்டில் படுத்தேன். எதிர்ச் சரிவில் ஒரு கிடா மான் தனியாக நின்றது. தூரம் அதிகம்தான், ஆனால் நான் பழகிய தூரம். சுட்டேன். கிடா விழவில்லை. குறுகி, நாலடி ஓடி நின்றது. அது நின்றிருந்த இடத்துக்குப் பின்னால் புதர் அசைந்தது.

தொலைநோக்கியில் பார்த்தேன். மெரிட் எழுந்து உட்கார்ந்தான், தொடையைப் பிடித்துக்கொண்டு. அதே கிடாவை நோக்கி அந்தப் பக்கமிருந்து ஊர்ந்து வந்திருக்கிறான். அவன் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. இதை நீங்கள் நம்புகிறீர்கள் என்றே நினைக்கிறேன்.

அடிபட்டதை அப்படியே விடக்கூடாது. வேட்டைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செம்புத் தோட்டாக்களை வெளியே தள்ளினேன். அந்தத் தூரத்தில் அவை விரியாது என்று இப்போது தெரிந்துவிட்டதே. பையிலிருந்து மெரிட்டின் தோட்டா ஒன்றை எடுத்துப் போட்டேன். காற்று லேசாகக் கிளம்பியிருந்தது. அதற்கேற்பக் குறியைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன்.

அவனுடைய குண்டு நன்றாக விரிந்தது.

போன் என்னிடம்தான் இருந்தது, சிக்னலும் இருந்தது. வண்டி மேட்டுக்குப் பின்னால் நின்றது. தொடைக் காயம் மட்டும் என்றால் பிழைத்திருப்பான் என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறார். இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஓர் உயிர் வேதனைப்படுவதைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நடீன் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அண்ணன் ரொம்ப நேரம் துடிச்சுச்சா?” இல்லை என்றேன். அது பொய்யில்லை.

அந்தக் கிடா என்ன ஆனது என்று கேட்டீர்கள். தெரியாது. நான் தேடவில்லை.

இரண்டாவது குண்டுக்கு முன்னால் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினான். கட்டி முடித்து, நான் இருந்த மேட்டைப் பார்த்துக் கையை உயர்த்தினான். அவன் வாய் அசைந்தது. உதவிக்குக் கூப்பிட்டிருப்பான் என்கிறீர்கள். அத்தனை தூரத்தில் குரல் எங்கே கேட்கிறது. எனக்கென்னவோ அவன், “நான்தான் சொன்னேனே மாப்பிள” என்று சொன்னது போல்தான் தெரிந்தது.