அரபியில் எதிர்த்துப் பேசியவள்

திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் ஓர் அப்பாவும் மகளும் இருந்தார்கள். மதரஸா விடுதியிலிருந்து விடுமுறைக்கு அழைத்துப் போகிறார்.

"ஏஞ்சாமி, பாடம் நடத்துற உஸ்தாபியையே எதுத்துப் பேசுனியாமா?"

"ஆமாங்கத்தா. அரபியில."

"சிரிக்காத. விடுதியில போன் வேணும்னு சண்டை போட்டியாமா. வார்டனம்மா சொன்னாங்க."

"அது பட்டிமன்றமுங்க. அரபி பேசிப் பழகறதுக்கு வெப்பாங்க. சீட்டுக் குலுக்குனதுல எனக்குப் போன் வேணுங்கற பக்கம் விழுந்துச்சு. எதிரணியில ஆள் கொறஞ்சுது, உஸ்தாபியே நின்னாங்க."

"அப்புறம்?"

"தோத்துட்டாங்க. அவிங்களே கை தட்டுனாங்க."

அவர் சிரிக்கவில்லை. "ஓதுனாப் போதும். இனிமே பேச மாட்டேன்னு சொல்லு. இல்லீன்னா திரும்ப அனுப்ப மாட்டேன்."

"சொல்ல மாட்டேனுங்க. இத்தன வருசம் மனப்பாடம் பண்ணியும் சொந்தமா ஒரு வார்த்த வரல. இப்பத்தான் வருது."

"அப்ப ஊட்டுலயே இரு."

"எதுக்குப் பேசக் கூடாதுன்னு ஒரு காரணம் சொல்லுங்க. எனக்குப் பதில் வரலீன்னா ஊட்டுலயே இருந்துக்கறேன்."

அவர் அவளுடைய பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல ஊடு போய்ச் சேரலாம், சாமி."

"அது காரணமில்லீங்கத்தா."